சாயங்கால உலை

எங்கள் கரிசல் ஊர்களில் அப்போதெல்லாம் அடுப்பு நாளைக்கு ஒரு தடவைதான் எரியும், அதுவும் பொழுது அடைகிற நேரத்தில்தான். காட்டுக்குப் போகிறவர்களும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களும் முந்தின ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்ததைக் காலையில் கரைத்துக் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். மத்தியானத்துக்கும் அதுவே தூக்குச்சட்டியில் கூடப் போகும். சூடாக ஒரு வாய் என்றால் அது ராத்திரிதான். அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் தெருவுக்கே தனியாக ஒரு வாசம் வந்துவிடும். பருத்திமார் எரிகிற லேசான காரப்புகை, நனைத்து இடித்த கம்பின் பச்சை மணம், யார் வீட்டிலோ புளிக்குழம்புக்கு வெந்தயம் தாளிக்கிற நெடி, நடுவே ஆடு மாடுகள் கிளப்பிவிட்ட புழுதி, எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறும்போது, தெருமுக்கில் கிட்டிப்புள் அடித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு ஆட்டத்தில் பாதி மனசும் வீட்டில் பாதி மனசுமாக ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் அடுப்பங்கரை ஆச்சியின் ராஜ்ஜியம். அம்மா விடியுமுன்னே ஆபீஸ் வண்டி ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்து இறங்குவாள். ஆச்சி நாலு மணிக்கே கம்பைச் சுளகில் கொட்டி, தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்துவிடுவாள். கொஞ்சம் ஊறியதும் உரலில் போட்டு இடித்து, புடைத்துத் தவிட்டைத் தள்ளி, மறுபடி இடித்து, குருணையைத் தனியாகவும் மாவைத் தனியாகவும் எடுத்து வைப்பாள். உலை தளதளவென்று வந்ததும் முதலில் குருணை இறங்கும். அது வெந்து மேலே குமிழி விடுகிறபோது கரைத்த மாவு இறங்கும். அப்புறம் துடுப்பு. ஆச்சி எழுந்து நின்று, பானையைக் காலால் அண்டக் கொடுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டுகிறபோது அவள் காதில் பாம்படம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

என் வேலை பருத்திமார் தள்ளுவது. மற்ற விறகு மாதிரி அதை வைத்துவிட்டுப் போய்விட முடியாது. பற்றினால் படபடவென்று எரிந்து கண் மூடித் திறப்பதற்குள் சாம்பலாகிவிடும்; ஆள் பக்கத்திலேயே குத்தவைத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த காயில் எங்கேயாவது ஒட்டிக்கிடக்கிற பஞ்சு தீயில் பட்டதும் பக்கென்று ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்துக்காகவே பஞ்சு உள்ள குச்சிகளாகப் பொறுக்கி ஒதுக்கி வைத்திருப்பேன். மடியில் வாய்ப்பாட்டுப் புத்தகம் விரிந்திருக்கும். ஏழாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் புகை வாசத்தோடுதான் ஞாபகம் வருகிறது. அந்த அடுப்பு என் பேச்சை மட்டும்தான் கேட்கும் என்று அந்த வயசில் முழுசாக நம்பியிருந்தேன். தங்கச்சியைக்கூடக் கிட்டே விடமாட்டேன்.

இப்படி இருந்த ஊருக்கு மத்தியானச் சோறு வந்தது. 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிவைத்தார் என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்குப் பின்னால் ஒரு கூரைச் சாய்ப்பு எழும்பியது, அதற்குள் என்னைவிட உயரமான அண்டா ஒன்று வந்து உட்கார்ந்தது, எங்கள் தெருவில் புருஷனை இழந்து தனியாகக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா திடீரென்று எங்களுக்கெல்லாம் சத்துணவு ஆயா ஆனாள், இவ்வளவுதான். மாமா ஓர் அலுமினியத் தட்டு வாங்கி வந்து, ஆணியை வைத்துச் சுத்தியலால் புள்ளி புள்ளியாகத் தட்டி அதன் அடியில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக் கொடுத்தார். மஞ்சப்பைக்குள் சிலேட்டும் தட்டும் இடித்துக்கொள்கிற சத்தத்தோடு நடக்கிறபோது, பள்ளிக்கூடத்துக்குப் போவதே வேறு மாதிரி இருந்தது.

பன்னிரண்டு மணி ஆனால் கணக்கு வாத்தியார் குரலை மீறிக்கொண்டு சாம்பார் கொதிக்கிற வாசம் வகுப்புக்குள் வந்துவிடும். வரிசையாக உட்கார்ந்து தட்டை நீட்டினால், ஆவி பறக்க நெல்லுச்சோறு. எங்கள் பக்கம் நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கல், கொடைக்கு. ரேஷன் அரிசி வர ஆரம்பித்த பிறகும் வீட்டில் அது வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள்தான். அது நாள் தவறாமல் தட்டில் விழுந்தது என்றால் அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! ஒரு பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்று கணக்கு. ஆயா கணக்குப் பார்த்துத்தான் போடுவாள், ஆனால் ஒல்லிப் பிள்ளைகளுக்கு அகப்பை கொஞ்சம் கூடுதலாகச் சாயும். சாப்பிட்டு முடித்ததும் தட்டை மண் போட்டுத் தேய்த்து, அடிபம்பில் கழுவி, வெயிலில் காட்டி முகத்தில் வெளிச்சம் அடித்து விளையாடுவோம்.

அப்பா இதைக் கேட்கிறபோதெல்லாம் தன் கதையைத் தொடங்கிவிடுவார். 1956இல் காமராசர் எட்டயபுரத்துக்கு வந்து மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது அப்பாவுக்கு எட்டு வயசு. ஊர்க்காரர்களே ஆளுக்குக் கொஞ்சம் தானியம் போட்டு நடத்தின சோறு அது. அதுக்கப்புறம் வெளிநாட்டிலிருந்து கேர் நிறுவனம் அனுப்பிய மஞ்சச்சோள மாவும் கோதுமை ரவையும் வந்த காலத்தில் அத்தை பள்ளிக்கூடம் போனாள். அந்த உப்புமாவின் வாசத்தை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று விதமான பள்ளிக்கூடச் சோற்றை வைத்துக்கொண்டு ராத்திரி கம்பஞ்சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து எது ருசி என்று வாதாடியிருக்கிறோம்.

அந்த மத்தியானச் சோறு வந்த கொஞ்ச நாளிலேயே திண்ணைகளில் இன்னொரு பேச்சும் கிளம்பியது. எங்கள் தெருப் பெண்களில் ஆபீசுக்குப் போகாதவர்கள் வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுவார்கள். மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மாவுப் பசை ஒரு கிண்ணத்தில், சிலும்பு பிரித்த மரச்சீவல் ஒரு பக்கம், ஒட்டி முடித்த கூடுகள் மலையாய் ஒரு பக்கம். குரோசுக்கு இத்தனை பைசா என்று கூலி. விரல் நின்றால் காசு நின்றது. அடுப்பு மூட்டி, இடித்து, கிண்டி இறக்க ஆகிற நேரத்தில் எத்தனை கூடு ஒட்டலாம் என்பது ஒவ்வொருத்திக்கும் மனப்பாடம்.

"ஏன் மதினி, மத்தியானமே பிள்ளைகளுக்கு நெல்லுச்சோறு போட்டு அனுப்புதாங்க. அப்புறம் ராத்திரிக்குக் கெடந்து என்னத்துக்கு உலை வைக்கணும்? ஒரு டீத்தண்ணியும் ரெண்டு வருக்கியும் கொடுத்தாப் படுத்துருமே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, அம்மாவிடம்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. விடிந்ததிலிருந்து குனிந்த தலை நிமிராமல் ஒட்டுகிறவள். முதுகை நிமிர்த்தும்போது அவள் விடுகிற மூச்சு எங்கள் திண்ணைக்குக் கேட்கும். அரசாங்கம் ஒரு நேரத்துச் சுமையை இறக்கி வைத்திருக்கிறது, இன்னொரு நேரத்தையும் அதோடு சேர்த்து இறக்கிவிட முடியுமா என்று ஓர் அலுத்த மனுஷி கேட்பதில் என்ன அதிசயம்? அம்மாவே ஒரு நிமிஷம் யோசித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். அவளும் நாள் முழுக்கக் கட்டையில் குச்சி அடுக்கிவிட்டு, விரல் நுனி வெடிக்க வந்து இறங்கினவள்தானே.

பதில் சொன்னது ஆச்சி. உரல் பக்கத்திலிருந்தே, உலக்கையை நிறுத்தாமல் சொன்னாள். "ராத்திரி நீ உலை வைக்கலேன்னா காலைல பானைல என்னட்டி கெடக்கும்?"

திண்ணையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

அந்தக் கேள்விக்குள் இருந்த கணக்கு எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் ஆனது. எங்கள் வீடுகளில் ராத்திரி வைக்கிற உலை ஒரு நேரத்துக்கானது இல்லை. கம்பஞ்சோறு கிண்டி இறக்கினதும், சூட்டோடு எல்லோரும் சாப்பிட்டது போக மிச்சத்தை ஆச்சி கையை நனைத்து நனைத்து உருண்டை பிடிப்பாள். அதைத் தண்ணீர்ப் பானையில் ஒவ்வொன்றாக இறக்குவாள். மறுநாள் விடியலில் அந்த உருண்டையில் ஒன்றை எடுத்து மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயமும் வறுத்த மோர்மிளகாயும் வைத்தால் அதுதான் நாங்கள் பள்ளிக்கூடம் போகும் முன் குடிப்பது. நெல்லுச்சோறு ஆக்கின நாளில் பழையது, நீராகாரம். ராத்திரி அடுப்பு மூட்டாத வீட்டில் காலையில் ஒன்றும் இருக்காது. மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை, மறுநாள் பன்னிரண்டரை வரைக்கும் ஒரு டீத்தண்ணியிலும் இரண்டு வருக்கியிலும் ஓட வேண்டியதுதான். ஒரு உலையை நிறுத்தினால் இரண்டு நேரச் சாப்பாடு போச்சு.

அதைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறேன். என் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் ஒருத்தன் வீட்டில் கொஞ்ச நாள் அப்படித்தான் நடந்தது. காலையில் பிரேயரில் நிற்கிறபோது அவன் உதடு வெளுத்திருக்கும். மணி பதினொன்று தாண்டினால் சிலேட்டில் தலையைச் சாய்த்துவிடுவான். மத்தியானம் அவன் தட்டைக் காலி செய்கிற வேகத்தை நாங்கள் எல்லோரும் ஆச்சரியமாகப் பார்ப்போம். சாப்பிட்ட பிறகு அவனைப் போல ஓடுகிறவன் பள்ளிக்கூடத்திலேயே கிடையாது. அதாவது, ஒரு நாளில் பாதிதான் அவன் எங்களோடு இருந்தான். அவன் சாயங்காலம் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் ஆச்சி எதுவும் கேட்கமாட்டாள். "ஏய்யா, இந்தத் துடுப்பைக் கொஞ்சம் பிடி" என்று ஒரு வேலையைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவாள். வேலை செய்தவனுக்குக் கும்பாவில் சோறு போடுவது இயல்பாகிவிடும். அவன் வந்த நாட்களில் பருத்திமார் தள்ளுகிற உரிமையை மட்டும் நான் விட்டுக்கொடுத்ததில்லை.

பள்ளிக்கூட மதிய உணவு ஒரு பிள்ளையின் ஒரு நாளைத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு பலத்தைத் தர வேண்டும் என்றுதான் அதை வகுத்தவர்களே வகுத்தார்கள். புரதத்தில் பாதி. மிச்சம் வீட்டில் கிடைக்கும் என்று நம்பி வகுத்த கணக்கு அது. அதோடு, பிள்ளைகளின் வயிறு சின்னது. பெரியவர்களைப் போல ஒரே நேரத்தில் நிறையத் தின்று இருப்பு வைத்துக்கொள்ளத் தெரியாது. நாலரைக்கு மணி அடித்ததும் நாங்கள் வீட்டுக்கா போனோம்? கண்மாய்க் கரை, புளியந்தோப்பு, கிட்டிப்புள், பச்சைக்குதிரை. அந்த ஓட்டத்துக்கெல்லாம் மத்தியானச் சாம்பார்சோறு எப்போதோ கரைந்துபோயிருக்கும்.

ஆனால் நான் ராத்திரிச் சாப்பாட்டை இவ்வளவு பெரிதாகச் சொல்வது வயிற்றுக்காக மட்டும் இல்லை. அம்மா முகத்தை நான் வெளிச்சத்தில் பார்த்தது அந்த நேரத்தில்தான். அவள் வந்து இறங்கி, முகம் கழுவி, சிம்னி விளக்கைத் துடைத்து ஏற்றி நடுவில் வைக்கிறபோது கையில் மெழுகும் குச்சிமருந்தும் கலந்த ஒரு மணம் இருக்கும். சுடச்சுடக் கம்பஞ்சோற்றைக் கும்பாவில் போட்டு நடுவில் குழி பண்ணி, அதில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றுவாள். நாங்கள் ஓரத்திலிருந்து ஆறின இடமாகப் பார்த்துப் பார்த்து விரலால் வழித்துக் குழம்பில் தொட்டு விழுங்குவோம். குழம்பு இல்லாத நாளில் கானப்பயறு வறுத்து அரைத்த துவையல். கருவாட்டு நாளென்றால் தெருவுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆயா போட்ட சோறு நல்ல சோறு, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கே யாரும் "இன்னைக்கு ஏன் வாடிப்போயிருக்கே" என்று கேட்டுக்கொண்டே போட முடியாது, அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் அவளுக்கு அதற்கு நேரம் இல்லை. எனக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்பதை நான் சாப்பிடுகிற விதத்தை வைத்தே முதல் நாள் ராத்திரியே அம்மா சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினதும், யாரோடு சண்டை என்பதும், எந்தப் பாடம் ஏறவில்லை என்பதும் அந்தக் கும்பாவைச் சுற்றித்தான் வெளியே வரும். வருக்கியைத் தின்றுகொண்டே பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிடும். சூட்டுச் சோற்றுக்கு முன்னால் கொஞ்ச நேரமாவது உட்கார்ந்தாக வேண்டும்.

நான் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, 1989இல், சத்துணவில் முட்டை சேர்ந்தது. இரண்டு வாரத்துக்கு ஒன்று. கலைஞர் ஆட்சி. தங்கச்சி அப்போது ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். முதல் முட்டை கொடுத்த நாள் அவள் அதைத் தின்னவில்லை. பாவாடை மடிப்பில் பத்திரமாகச் சுருட்டி, விளையாடப் போகாமல், நேரே வீட்டுக்கு வந்து ஆச்சி கையில் கொடுத்துவிட்டாள். ஆச்சி அதை ஒரு கிண்ணத்தில் வைத்து மூடி உறியில் ஏற்றினாள். ராத்திரி எல்லோரும் உட்கார்ந்ததும் இறக்கி, ஓட்டை உரித்து, தைக்கிற நூலில் ஓர் இழை எடுத்து ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைக் கையில் பிடித்து முட்டையை அறுத்தாள். கத்தி பட்டால் மஞ்சக்கரு உதிரும்; நூல் போட்டால் பூ மாதிரி நிற்கும். ஆளுக்கொரு துண்டு வந்தது. தனக்கு வேண்டாம் என்ற ஆச்சி வாயில் தங்கச்சி தன் துண்டில் பாதியைத் திணித்தாள். "பள்ளிக்கூடத்துலயே தின்னுருக்க வேண்டியதுதானட்டி, உனக்குன்னுதானே கொடுத்தாக" என்று அம்மா கடிந்துகொண்டாள். தங்கச்சி, "அங்க வெஞ்சனம் இருந்துச்சு. இங்கதான் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் கும்பாவில் கவனமானாள்.

அந்தத் தங்கச்சி இப்போது ஊரில் மகளிர் குழுவில் இருக்கிறாள். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு வருஷம் எல்லா ஊர் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தபோது, எங்கள் பள்ளிக்கூடத்தில் காலையில் ஆக்கிப்போடுகிற பொறுப்பு அவளுடைய குழுவுக்கு வந்தது. நாங்கள் உட்கார்ந்த அதே வேப்பமரத்தடி. கூரைச் சாய்ப்பு இருந்த இடத்தில் காங்கிரீட் அறை, கேஸ் அடுப்பு. ஐந்து மணிக்கு எழுந்து போய், ரவை வறுத்து, காய் நறுக்கி, பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கும் முன்னால் உப்புமாவோ கிச்சடியோ வெண்பொங்கலோ சாம்பாரோடு போட்டுவிடுகிறாள். காலைப் பிரேயரில் உதடு வெளுத்து நிற்கிற பிள்ளையை இப்போது பார்க்க முடியவில்லை என்று அவள் சொன்னபோது எனக்கு அந்தப் பையன் முகம் வந்தது. ஆச்சி கவலைப்பட்ட காலைப்பானைக்கு ஓர் அரசாங்கம் வழி செய்திருக்கிறது. இதைவிடப் பெரிய காரியம் எங்கள் ஊருக்கு அதிகம் நடந்ததில்லை.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது, திண்ணையில் அதே பழைய பேச்சு புது வேஷத்தில் வந்தது. காலையும் பள்ளிக்கூடத்தில், மத்தியானமும் பள்ளிக்கூடத்தில், அப்புறம் ராத்திரிக்கு முக்கு ரோட்டுக் கடையில் ரெண்டு புரோட்டா வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று ஒரு சின்ன வயசுத் தாய் கேட்டாள். அவளும் மில்லில் ஷிப்ட் முடித்து வந்தவள்தான், கண்ணெல்லாம் தூக்கம். தங்கச்சி அவளிடம் வாதம் எதுவும் பண்ணவில்லை. மணி ஆறரையைத் தாண்டியிருந்தது. எழுந்து சேலையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புரோட்டா என்னைக்காவது ஆசைக்குத் தின்னட்டும்மா. நீ முடியாத அன்னைக்கு உன் பிள்ளையை இங்க அனுப்பு, எங்க வீட்டு உலைல ஒரு பிடி சேத்துப் போடுதேன். இன்னைக்குத் தட்டப்பயத்துக் குழம்பு. கத்தரிக்காயும் போட்டுருக்கேன். அவனுக்குக் கத்தரிக்காய் ஆகாதுல்ல, எடுத்துப்போட்டுட்டுத் தாரேன், அனுப்பு."